ஊசிக்கு யார் கொடுப்பது? திருவிதாங்கூர் அரசாணையிலிருந்து பொன்முடி லயம் வரை

1879ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு ஓர் அரசாணை வெளியிட்டது. அரசு ஊழியர், சிறைக் கைதிகள், மாணவர் ஆகிய மூன்று தரப்பினரும் அம்மை குத்திக்கொள்வது கட்டாயம் என்பது அதன் சாரம். கேரளத்தின் பொதுச்சுகாதார வரலாற்றை எழுதுவோர் பெருமையுடன் சுட்டும் ஆணை இது. பெருமைக்குரியதே. ஆனால் அந்த மூன்று தரப்பினரும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்ற கேள்வி அதிகம் எழுப்பப்படுவதில்லை. ஊழியரின் சம்பளம் அரசின் கையில் இருந்தது. கைதியின் உடல் அரசின் காவலில் இருந்தது. மாணவனின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது. அரசு தன் கைக்கு எட்டியவர்களையே முதலில் கட்டாயப்படுத்தியது.

தலைநகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பொன்முடி மலைச்சரிவின் தோட்டக்கூலி இந்த மூன்று பட்டியலிலும் வரமாட்டார். அவருடைய கூலி துரையிடமிருந்து கங்காணி வழியாக வந்தது. அவருடைய பெயர் இருந்த ஒரே பதிவேடு தோட்டத்தின் ஆள்கணக்கு. இன்று 22 ஊசிவளைவுகளைக் கடந்து பனிமூட்டம் பார்க்கச் செல்லும் பயணிகள் வழியில் காணும் தேயிலைச் சரிவுகளுக்கும் சுகாதாரச் சட்டங்களுக்கும் இடையிலான உறவு, அன்று தொடங்கிய அந்த விடுபடலின் கதை. தடுப்பூசியை யார் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைவிட, அதற்கு யார் பொறுப்பேற்பது, யார் பணம் கொடுப்பது என்பதே அங்கு எப்போதும் தீராத வழக்காக இருந்துள்ளது.

எட்வர்ட் ஜென்னர் 1796இல் செய்து பார்த்த பசு அம்மைச் சோதனை, ஆறே ஆண்டுகளில் இந்தியக் கரையை அடைந்தது. 1802 ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக அம்மை குத்தப்பட்டது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். மருந்தைக் கொண்டுசெல்லும் கலம் மனித உடல்தான். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள்; அங்கிருந்து அதற்கடுத்த குழந்தைக்கு. கைக்குக் கை தாவும் இந்த முறை சாதிச் சமூகத்தில் என்ன சிக்கலை உண்டாக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. யாருடைய குழந்தையின் நீர் யாருடைய குழந்தைக்குள் செல்கிறது என்ற கேள்வி, அம்மை குத்துபவர் தெருவில் காலெடுத்து வைக்கும் முன்பே அங்கு நின்றுகொண்டிருந்தது.

திருவிதாங்கூரில் இம்முறை புகுந்தது ராணி கௌரி லட்சுமி பாயியின் ஆட்சிக் காலத்தில். கர்னல் ஜான் மன்றோ ரெசிடென்டாகவும் திவானாகவும் ஒருசேர இருந்த ஆண்டுகள் அவை. மக்களின் அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவுசெய்கின்றனர். ஏறக்குறைய அதே காலத்தில் மைசூர் அரண்மனையிலும் ராணிகள் குத்திக்கொண்டதாகக் கருதப்படுகிறது. தாமஸ் ஹிக்கியின் ஓவியம் ஒன்று அதைக் காட்டுவதாக ஆய்வாளர் சிலர் வாசிக்கின்றனர். வைசூரி என்று அந்நோயை அழைத்த மலையாளிகள் புதிய முறைக்கு அச்சுக்குத்து என்று பெயரிட்டனர். தமிழர் அம்மை குத்தல் என்றனர். இரண்டு சொற்களிலும் அந்நியப் பொருளின் சாயல் இல்லை. ஏற்கெனவே தெரிந்த செயல்களின் பெயரைக் கொண்டே மக்கள் அதை உள்வாங்கினர். கோயிலில் பகவதியும் மாரியம்மனும் இருந்த இடத்தில் இருக்க, கையில் தழும்பும் சேர்ந்துகொண்டது.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி, அம்மை குத்துபவர் அரசுச் சம்பளக்காரர் என்பது. அவர் மருந்து விற்கவில்லை. தெருத்தெருவாகச் சென்று குத்தினார். கருவூலம் அவருக்குப் பணம் கொடுத்தது. 1865இல் திருவனந்தபுரத்தில் பொது மருத்துவமனை திறக்கப்பட்டபோது, நல்ல மருத்துவம் தம் குடிகளில் எல்லா வகுப்பாருக்கும் எட்ட வேண்டும் என்பதே தம் விருப்பம் என்ற பொருளில் ஆயில்யம் திருநாள் பேசினார். எல்லா வகுப்பாரும் என்ற சொல் அன்று எவ்வளவு தூரம் சென்றது என்பது வேறு கதை. தீண்டாமை நிலவிய அந்நாட்டில் ஒடுக்கப்பட்டோரில் பலர், 1838இல் நெய்யூரில் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணியின் வழியாகவே ஆங்கில மருத்துவத்தை முதலில் கண்டனர்.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 1853இல் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் அம்மை குத்துவதை அந்நாடு கட்டாயமாக்கியது. 1867இல் தண்டத்தைக் கடுமையாக்கியது. எதிர்ப்பு வலுத்து, 1885இல் லெஸ்டர் நகரில் பெருந்திரள் ஊர்வலம் நடந்தது. 1898இல் மனசாட்சியின் பேரில் மறுக்கும் உரிமையை அளித்துச் சட்டம் பின்வாங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1880ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம் நகராட்சிகளுக்கும் படைமுகாம்களுக்கும் மட்டும் விரித்துக்கொள்ளத் தக்கதாக இயற்றப்பட்டது. கிராமங்களை அது தொடவில்லை. மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆக, காலனிய இந்தியாவிலும் மன்னர் நாட்டிலும் கட்டாயம் என்பது ஆள்பவரின் கண்பார்வைக்குள் இருந்தோருக்கானது.

கண்பார்வைக்கு அப்பால் இருந்தது தோட்டம். தென் திருவிதாங்கூர் மலைகளில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய காப்பி, இலைநோயால் அழிந்து, தேயிலைக்கு இடம் விட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் கங்காணிகள் ஆட்களைத் திரட்டினர். முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டு ஓடினால் சிறை என்று மிரட்டும் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1859இலேயே வந்துவிட்டது. தொழிலாளியின் ஓட்டத்தைத் தடுக்கும் சட்டம் அவருடைய நோயைத் தடுக்கும் சட்டத்துக்கு மிக முன்பே மலையேறியது என்பதை மறந்துவிடக் கூடாது.

தோட்ட முதலாளிகள் தடுப்பூசியின் பயனை அறியாதவர்கள் அல்லர். லயத்தில் ஒருவருக்கு அம்மை கண்டால் மறுநாள் கொழுந்து பறிக்க ஆள் இருக்காது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, தனிமைப்படுத்தப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அங்கு ஊசி, குடிமகனுக்கான உரிமையாக வரவில்லை. சரக்கு கெடாமல் இருக்கச் செய்யும் பதப்படுத்தலாகவே வந்தது. எனினும் அந்த ஊசி உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முடியாதவர்கள் தோட்ட வரலாற்றை எழுதாமல் இருப்பது நல்லது.

கைக்குக் கை குத்தும் முறை மெல்ல ஒழிந்ததற்குக் கன்றுக்குட்டியிலிருந்து மருந்து தயாரிக்கும் நிலையங்கள் காரணமாயின. சென்னை கிண்டியில் 1899இல் தொடங்கிய நிலையமே பின்னர் கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையமாயிற்று. திருவிதாங்கூரில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பும் அதையொட்டித் தனியான பொதுச்சுகாதாரத் துறையும் 1930களின் தொடக்கத்துக்குள் உருவாயின. இவ்வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது.

எழுதப்படாதது சட்டத்தின் பிளவு. 1939இல் சென்னை மாகாணம் பொதுச்சுகாதாரச் சட்டம் இயற்றியது; இந்தியாவில் அவ்வகையில் அதுவே முன்னோடி. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் 1955இல் தனக்கென ஒன்றை இயற்றியது. 1956இல் கேரளம் பிறந்தபோது மலபாருக்கு ஒரு சட்டம், தெற்குக்கு வேறு சட்டம் என்று இரண்டும் தொடர்ந்தன. ஒரே மாநிலம், ஒரே கொசு, இரண்டு சட்டங்கள். இவற்றை ஒன்றாக்கும் கேரளப் பொதுச்சுகாதாரச் சட்டம் நிறைவேற 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்மாதிரி எனப்படும் மாநிலம் இந்த ஒரு காரியத்துக்கு அறுபத்தேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

தொழிலாளர் பக்கமும் இதே காலத்தில் ஒரு பிளவு நிகழ்ந்தது. அதன் விளைவை பொன்முடி இன்றும் சுமக்கிறது. பி. பி. அடார்க்கர் 1944இல் அளித்த நலக்காப்பீட்டு அறிக்கை ஆலைத் தொழிலாளரை மனத்தில் கொண்டது. அதிலிருந்து 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது மக்கள் நாவில் ஈ.எஸ்.ஐ., பிறந்தது. தோட்டங்கள் அதற்கு வெளியே நின்றன. தேயிலைத் தோட்டங்களின் மருத்துவத் தரத்தை ஆராய்ந்த மேஜர் லாயிட் ஜோன்ஸ் 1947இல் தனியே அறிக்கை தந்தார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவத்தை முதலாளியின் தலையில் வைத்தது. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு, தொழிலாளருக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி செய்து தரும் கடமையை முதலாளிக்கு விதித்தது. அவர் செய்யத் தவறினால், தலைமை ஆய்வாளர் அவ்வசதியை ஏற்படுத்தி, செலவை அவரிடமே வசூலிக்க முடிந்தது. காகிதத்தில் பார்த்தால் இது ஆலைத் தொழிலாளிக்கு இருந்ததைவிடப் பல் உள்ள சட்டம்.

ஆனால் இதன் அடித்தளத்தில் ஒரு பழுது இருந்தது. ஆலை மூடப்பட்டாலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கும், அது கழகத்தின் சொத்து. தோட்டம் மூடப்பட்டால் தோட்ட மருந்தகமும் அன்றே மூடும். தேயிலை விலை சரிந்த 1990களின் இறுதிக்குப் பின் கேரளத்தின் பல எஸ்டேட்டுகளில் நடந்தது அதுவே. செலவை வசூலிக்க ஆய்வாளர் தேடும்போது முதலாளி திவாலாகியிருப்பார், அல்லது வழக்கில் இருப்பார். 2015இல் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் சாலைக்கு வந்தபோது போனஸும் கூலியும்தான் செய்தித்தலைப்பாயின. இடிந்த லயங்களும் மருந்தில்லாத மருந்தகங்களும் அந்தக் கோபத்தின் அடியில் இருந்தன. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, விரும்பும் தோட்ட முதலாளி தம் தொழிலாளரை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம் என்கிறது. விருப்பம் முதலாளியுடையது.

முதலாளி விட்ட இடத்தைக் காப்பீடு நிரப்பும் என்பது இந்த நூற்றாண்டின் நம்பிக்கை. 2008இல் மத்திய அரசு கொண்டுவந்த ராஷ்டிரிய சுவாஸ்த்ய பீமா யோஜனா, ஏழைக் குடும்பம் ஒன்றில் ஐந்து பேர் வரை ஆண்டுக்கு 30,000 ரூபாய் மருத்துவமனைச் செலவை ஏற்றது. பதிவுக் கட்டணம் 30 ரூபாய். 2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் ஆயுஷ்மான் பாரத் வந்தது. அதனுடன் இணைந்து கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா 2019 முதல் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதயமோ சிறுநீரகமோ பழுதானால் இது பேருதவி. அதைக் குறைத்துப் பேசுவோர் ஓர் அறுவைச் சிகிச்சையால் நிலத்தை விற்ற குடும்பத்தைப் பார்த்திராதவர்கள்.

ஆயினும் அந்த அட்டை விழித்துக்கொள்வது நோயாளி கட்டிலில் படுத்த பிறகே. புறநோயாளிச் செலவு அதில் இல்லை. நோய் வராமல் தடுக்கும் ஊசி இல்லவே இல்லை. இது புதிய கஞ்சத்தனம் அன்று, பரம்பரைச் சொத்து. 1986இல் பொதுத்துறை காப்பீட்டு நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய மெடிகிளெய்ம் ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில், தடுப்பூசியும் அழகுச் சிகிச்சையும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நின்றன. 2008ஆம் ஆண்டின் ஏழைகளுக்கான திட்டம் எழுதப்பட்டபோது அந்த வாக்கியம் ஏறக்குறைய அப்படியே படியெடுக்கப்பட்டது. லயத்துக் குழந்தைக்குப் போடும் ஊசியும் திரைநட்சத்திரத்தின் மூக்கு அறுவையும் காப்பீட்டுக் கணக்கனின் கண்ணில் ஒரே இனம்.

சில ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: நாய் கடித்த பின் போடும் ஊசி. கடிக்கும் முன் போடுவதற்குப் பணமில்லை, கடித்தால் உண்டு. நாய்க்கடி மரணங்கள் 2022இல் கேரளத்தை உலுக்கியபோது, இந்த விதியின் அபத்தத்தை யாரேனும் சுட்டியிருக்கலாம். நல்லவேளையாக ரேபீஸ் ஊசியை அரசு மருத்துவமனைகள் போடுகின்றன. காப்பீட்டை நம்பியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

காப்பீட்டாளரின் தர்க்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. எதிர்பாராத பெருஞ்செலவைப் பலரிடம் பகிர்வது காப்பீடு. தடுப்பூசி எதிர்பார்த்த சிறுசெலவு. மேலும் இத்திட்டங்களில் ஏலம் எடுக்கும் நிறுவனம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஆண்டு ஒரு நிறுவனம் போட்ட ஊசியின் பலன், பத்தாண்டு கழித்து வேறொரு நிறுவனத்தின் கணக்கில் இலாபமாகச் சேரும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேரும், அவர் எந்தக் காப்பீட்டிலும் இல்லாவிட்டாலும். தன் தோட்டத்தில் மரம் நட்டால் அடுத்தவர் வீட்டில் நிழல் விழும் என்பதற்காக நடாமல் இருப்பவரைப் போன்றது இது. சந்தைக் கணக்கில் அவர் தவறு செய்யவில்லை. அதனால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

அப்படிச் சட்டம் செய்த நாடு உண்டு. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும் ஊசிகளை நோயாளியிடம் காசு வாங்காமல் போட வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கடமை விதித்தது. பதினைந்து ஆண்டுகள் அது ஓடியது. 2025 ஜூன் மாதம் அந்நாட்டுச் சுகாதாரச் செயலர் அந்தக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரேயடியாக நீக்கினார். குழு மாறினால் பரிந்துரை மாறும். பரிந்துரை மாறினால் காப்பீட்டுக் கடமையும் கரையும். கலிஃபோர்னியா அதே செப்டம்பரில் தன் சட்டத்தைத் திருத்தி, 2025 ஜனவரி 1 அன்று இருந்த பரிந்துரைகளையே அடிப்படையாக நிறுத்திக்கொண்டது. வேறு சில மாநிலங்களும் மத்தியக் குழுவின் சொல்லிலிருந்து தம் சட்டங்களைப் பிரித்தன. ஊசிக்கான பணத்தை ஒரு குழுவின் பட்டியலில் கட்டி வைத்தால், பட்டியலைப் பிடிப்பவர் பணத்தையும் பிடிக்கிறார்.

இந்தியாவில் அந்தக் கட்டு கருவூலத்தில் இருக்கிறது. 1978இல் தொடங்கி 1985இல் விரிவாக்கப்பட்ட தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் ஊசிகளுக்குக் குழந்தையின் பெற்றோர் காசு கொடுப்பதில்லை. 1975 மே மாதத்தோடு பெரியம்மை இந்தியாவை விட்டு ஒழிந்ததும் இந்தக் கருவூல வழியால்தான்; எந்தப் பாலிசியாலும் அன்று. ஆனால் திட்டத்துக்கு வெளியே உள்ளவை, எடுத்துக்காட்டாக இன்ஃபுளுவென்சா, சின்னம்மை ஊசிகள், வாங்க முடிந்தவருக்கே. நடுத்தர வகுப்புக்கு வருமானவரிச் சட்டம் தடுப்புப் பரிசோதனைக்கென 5,000 ரூபாய் வரை கழிவு தருகிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு அந்தக் கழிவால் பயனில்லை. நோய்த்தடுப்புக்கான அரசு மானியம் மேலிருப்பவருக்குப் போகிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கருவூலமும் சில நேரம் கைவிரித்தது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்கான கொரோனா ஊசியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் விலைக்கு வாங்கட்டும் என்று மத்திய அரசு விட்டது. கேரளம் தன் மக்களுக்கு இலவசம் என்று அறிவிக்க, ஏப்ரல் இறுதியிலேயே மக்கள் முதல்வரின் நிவாரண நிதிக்குப் பணம் அனுப்பத் தொடங்கியிருந்தனர். தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டின் உச்ச விலை பின்னர் 780 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் ஒருநாள் கூலியைவிட மிக அதிகம். மே 31 அன்று உச்ச நீதிமன்றம் அக்கொள்கையை மேலோட்டப் பார்வையிலேயே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று சொன்னது. ஜூன் 21 முதல் இலவச ஊசி திரும்பியது. 2022 மே 2 அன்று அதே நீதிமன்றம், எவரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, உடலின் மீதான உரிமை அவரவருக்கே என்று ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பளித்தது. 1879ஆம் ஆண்டு ஆணையின் தர்க்கம் 143 ஆண்டுகளுக்குப் பின் இப்படி ஒரு முடிவுக்கு வந்தது. எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றால், அனைவரையும் தேடிச் சென்று இணங்கச் செய்யும் ஒருவர் தேவைப்படுகிறார்.

அந்த ஒருவரைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. 2021 மே மாதத் தொடக்கத்தில் கேரள முதல்வர் ஒரு செய்தி வெளியிட்டார். மத்திய அரசிடமிருந்து வந்தவை 73,38,806 தவணைகள், போடப்பட்டவை 74,26,164. வீணாகும் பங்கை ஈடுகட்டக் குப்பியில் சற்றுக் கூடுதலாக நிரப்பப்பட்டிருக்கும் மருந்தை, செவிலியர்கள் ஒரு துளி சிந்தாமல் உறிஞ்சி எடுத்ததால் வந்த மிகுதி அது. எண்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஊசி கிடைத்தது சட்டத்தாலும் அன்று, காப்பீட்டாலும் அன்று, கைகளின் பழக்கத்தால். மலப்புறத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் மீண்டும் குழந்தைகளைக் கொன்றபோதும், 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப் வதந்திகள் பரவியபோதும், வீடு வீடாகச் சென்று பேசியவர்களும் இவர்களே. மலைப்பாதையில் பேருந்து நின்ற இடத்திலிருந்து லயம் வரை நடந்து செல்பவர்களும், காணிக்காரர் குடியிருப்புகளுக்குக் குளிர்ப்பெட்டியைத் தோளில் சுமப்பவர்களும் துணைச் சுகாதார மையத்துச் செவிலியரும் ஆஷா பணியாளருமே.

திருவிதாங்கூரின் அம்மை குத்துபவருக்குக் கருவூலம் சம்பளம் கொடுத்தது என்று முன்னர் சொல்லப்பட்டது. ஆஷா பணியாளர் 2005இல் உருவான தேசிய ஊரக நலத் திட்டத்தின் பிள்ளை. சட்டத்தின் மொழியில் அவர் ஊழியர் அல்லர், தன்னார்வலர். அவருக்குக் கிடைப்பது சம்பளம் அன்று, மதிப்பூதியம். 2025 பிப்ரவரி 10 அன்று கேரள ஆஷா பணியாளரில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும், ஓய்வுபெறும்போது 5 லட்சம் தர வேண்டும் என்பன கோரிக்கைகள். வெயிலிலும் மழையிலும் எட்டு மாதங்களுக்கு மேல் அமர்ந்திருந்தனர். சிலர் தலைமுடியை மழித்துக்கொண்டனர். அக்டோபர் இறுதியில் அரசு 1,000 ரூபாய் உயர்த்தியது. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு தத்தம் பகுதிகளுக்குத் திரும்பினர்.